சித்தப்பாவின் பைலட்: பழைய சாவி வாட்சைப் பிரித்துப் பூட்டி, இருட்டில் மறுபடி ஒளிர வைப்பது எப்படி

நம் ஊரில் இருட்டில் தெரிகிற எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: ரேடியம். பைக் நம்பர் பிளேட்டில் ஒட்டுவது ரேடியம் ஸ்டிக்கர். குழந்தைகள் படுக்கிற அறையின் கூரையில் ஒட்டுகிற நட்சத்திரம் ரேடியம். தாத்தாவின் கைக்கடிகாரத்தில் பச்சையாக மின்னிய எண்களும் ரேடியம். முதல் இரண்டில் ரேடியம் ஒரு துளியும் கிடையாது. மூன்றாவதில் இருக்கலாம். அந்த 'லாம்' எது என்று தீர்த்துக்கொள்ளாமல் பழைய வாட்சின் மூடியைத் திறக்கக் கூடாது. அதனால் இந்த வழிகாட்டியும் திருப்புளியிலிருந்து தொடங்கப் போவதில்லை.

எடுத்துக்காட்டுக்கு நான் வைத்துக்கொண்டிருப்பது என் சித்தப்பா கட்டியிருந்த எச்எம்டி பைலட். கறுப்பு டயல், பச்சை ஓடிய மஞ்சளில் எண்கள், டயலில் சின்ன எழுத்தில் 17 ஜுவல்ஸ், பாராஷாக். என் கைக்கு வந்தபோது சாவி கொடுத்தால் நாலு நிமிடம் ஓடி நின்றுவிடும். நிமிட முள்ளிலிருந்த ஒளிப்பூச்சு பாதி உதிர்ந்து கண்ணாடிக்கு உள்ளே மாவாகக் கிடந்தது. கொஞ்சம் பொறுமையும் நல்ல வெளிச்சமும் இருந்தால் வீட்டு மேஜையிலேயே சரி செய்யக்கூடிய நிலைதான் அது.

முதல் வேலை: ஒளிர்வது எது?

பழைய கடிகாரங்களின் ஒளிப்பூச்சு பெரும்பாலும் இரண்டு பொருள்களின் கூட்டு. ஒன்று, அடி வாங்கினால் ஒளி விடும் துத்தநாக சல்ஃபைடு தூள். இன்னொன்று, அதை ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும் கதிரியக்கப் பொருள். முதலில் அந்த இடத்தில் இருந்தது ரேடியம். கியூரி தம்பதியர் 1898-இல் கண்டுபிடித்த அதே தனிமம். 1960-கள் வாக்கில் அது ஒழிந்து டிரிட்டியம் வந்தது. ஜப்பானியர் சிலர் புரோமீத்தியம்-147 பயன்படுத்தினார்கள். இன்றைய வாட்சுகளில் பெரும்பாலும் இருப்பது ஸ்ட்ரான்சியம் அலுமினேட். ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் 1993-இல் லூமினோவா என்ற பெயரில் கொண்டுவந்தது. வெளிச்சத்தைக் குடித்துவிட்டு மெல்லத் திருப்பித் தரும், கதிரியக்கம் கிடையாது.

இதில் ஏமாற்றுகிற இடம் ஒன்று உண்டு. ரேடியம்-226 பாதியாகக் குறைய 1600 ஆண்டுகள் ஆகும். நூறு வருடத்துக்கு முந்தைய வாட்சில்கூட பூசிய ரேடியத்தில் 95 சதவீதத்துக்கு மேல் அப்படியே இருக்கிறது. ஆனால் ஓயாத அடியில் துத்தநாக சல்ஃபைடு என்றோ செத்துப்போயிருக்கும். அதாவது டயல் ஒளிராது, கதிர்வீச்சு மட்டும் தொடரும். "இருட்டில் தெரியவில்லை, அப்படியானால் ரேடியம் தீர்ந்துவிட்டது" என்று பலர் சொல்கிறார்கள். நடப்பது நேர் எதிர். டிரிட்டியத்தின் கதை வேறு: அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள்தான். 50 வருடம் கழித்து 6 சதவீதம்தான் மிஞ்சும். அதன் கதிர் வாட்ச் கண்ணாடியைக்கூடத் தாண்டாது.

ரேடியம் ஏன் பயப்பட வேண்டிய பொருள் என்பதற்கு, நியூ ஜெர்சியின் ஆரஞ்ச் நகரில் யுனைட்டட் ஸ்டேட்ஸ் ரேடியம் கார்ப்பரேஷனில் டயல் எழுதிய பெண்கள் சாட்சி. தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லித்தான் அவர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தார்கள். உடம்பு ரேடியத்தைக் கால்சியம் என்று நினைத்து எலும்பில் சேர்த்துவைக்கும். தாடை எலும்பு அரித்து, ரத்தம் கெட்டு, பலர் இறந்தார்கள். கிரேஸ் ஃபிரையரும் வேறு நால்வரும் தொடுத்த வழக்கு 1928-இல் சமரசத்தில் முடிந்தது. வாட்ச் கையில் இருப்பதல்ல, அதன் தூள் உள்ளே போவதுதான் ஆபத்து. மூடிய கேஸுக்குள் இருக்கும் ரேடியம் டயல் ஒரு கணக்கு. அதைச் சுரண்டி, மேஜையில் ஊதி, அதே கையால் முறுக்கு தின்பது வேறு கணக்கு.

எப்படிக் கண்டுபிடிப்பது? நான் பார்க்கும் வரிசை இது.

டயலின் அடியில், 6-க்குக் கீழே பாருங்கள். 'ஸ்விஸ்' என்ற சொல்லுக்கு இரண்டு பக்கமும் ஆங்கில 'டி' எழுத்து இருந்தால் டிரிட்டியம். 25-க்குக் குறைவு என்ற குறியும் சிலதில் இருக்கும். 25 மில்லிகியூரிக்கு உட்பட்டது என்று பொருள். எந்தக் குறியும் இல்லாத, 1960-க்கு முந்தைய ஒளிரும் வாட்ச் என்றால் ரேடியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, டயலில் சூட்டுத் தழும்பு. வாட்ச் பல வருடம் ஓடாமல் ஒரே நேரத்தில் நின்றிருந்தால், ரேடியம் பூசிய முள் தன் உருவத்தையே பழுப்பு நிழலாக டயலில் பதித்திருக்கும். இதைப் பார்த்தால் வேறு சோதனை தேவையில்லை.

மூன்றாவது புற ஊதா டார்ச். ரூபாய் நோட்டு சோதிக்கிற அந்தச் சின்ன டார்ச் போதும். அடித்து அணைத்ததும் ஒளியும் சட்டென்று அணைந்தால் பழைய பூச்சு. பல நிமிடம் நின்று ஒளிர்ந்தால் யாரோ பிற்காலத்தில் புதுப் பூச்சு போட்டிருக்கிறார்கள். அதற்காக அடியில் பழைய ரேடியம் இல்லை என்று ஆகிவிடாது.

உறுதியான பதில் கதிர்வீச்சை அளக்கும் கைகர் கருவியில்தான். கண்ணாடிக்கு மேலே வைத்தாலே ரேடியம் படபடவென்று காட்டிக்கொடுக்கும். விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. இயற்பியல் துறை இருக்கிற கல்லூரியில் தெரிந்த ஆசிரியர் இருந்தால் பத்து நிமிட வேலை. சித்தப்பாவின் பைலட்டை அப்படித்தான் பார்த்தேன். அறையில் சும்மா இருந்தபோது காட்டிய எண்ணுக்கும் வாட்ச் மேல் வைத்தபோது காட்டியதற்கும் வித்தியாசமே இல்லை.

கருவி படபடத்தால் என்ன செய்வது? திறக்காதீர்கள். ஒளிப்பூச்சைப் புதுப்பிக்கும் ஆசையை அந்த வாட்சோடு விட்டுவிடுங்கள். ரேடியம் சிதையும்போது ரேடான் என்ற வாயு வரும்; ஆகவே படுக்கை அறைப் பெட்டியில் நாலைந்து ரேடியம் வாட்சுகளைச் சேர்த்துப் பூட்டி வைக்கவும் கூடாது. காற்றோட்டமான இடத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். இதற்கு மேல் நான் சொல்லும் எல்லாமே, ரேடியம் இல்லை என்று தெரிந்த வாட்சுக்கு மட்டும்.

பழகுவதற்கு எந்த வாட்ச்

எச்எம்டிதான் என் சிபாரிசு. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கூட்டோடு பெங்களூரில் கடிகார ஆலை தொடங்கியது. 2016-இல் எச்எம்டி வாட்சஸை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. இடைப்பட்ட காலத்தில் ஜனதா, பைலட், சோனா என்று வீட்டுக்கு ஒன்றாவது வந்து சேர்ந்தது. ஆகவே உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை. ஓடாத ஜனதா ஒன்றைத் தனியாக வாங்கி, அதில் மூன்று தடவை பிரித்துப் பூட்டிப் பழகிய பிறகே குடும்ப வாட்சைத் தொடுங்கள்.

இணையத்தில் பளபளக்கும் சிவப்பு டயல் பைலட், ஆரஞ்சு டயல் பைலட் கிடைக்கும். பழைய எந்திரத்தில் புதிதாக அச்சிட்ட டயலைப் பூட்டிய கலப்படம் அது. லூப் என்ற சிறு உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் எழுத்தின் ஓரம் பிசிறடித்திருக்கும், நிமிடக் கோடுகள் வட்டத்தின் மையத்தோடு சரியாகச் சேராது, ஐம்பது வயது வாட்சில் டயல் மட்டும் நேற்றுப் பிறந்ததுபோல் இருக்கும். பழக அது பரவாயில்லை. மீட்டெடுக்க அதில் ஒன்றுமில்லை.

மேஜை

மின்விசிறியை அணையுங்கள். சென்னையில் இது சுலபமான காரியமல்ல, அதனால்தான் நான் காலை ஆறு மணிக்கு உட்காருகிறேன். வியர்வை படிந்த விரல் ரேகை எஃகில் ஒரு வாரத்தில் துருவாகத் தெரியும். விரல் உறை போட்டுக்கொள்ளுங்கள். தரை மொசைக்காக இருந்தால் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துவிடுங்கள். மொசைக்கில் விழுந்த வாட்ச் திருகை நான் இதுவரை கண்டுபிடித்ததில்லை.

கருவிகள்: பத்து மடங்கு லூப், நல்ல சாமணம் இரண்டு, 0.8 முதல் 1.6 மில்லிமீட்டர் வரை திருப்புளிகள், பின்மூடி திறக்கும் சாவி, முள் எடுக்கும் நெம்புகோல் ஒரு ஜோடி, முள் பூட்டும் அழுத்தி, எந்திரத்தைப் பிடித்துக்கொள்ளும் தாங்கி, ரப்பர் ஊதுபந்து, ரோடிகோ என்ற பச்சைப் பசை உருண்டை. திருப்புளியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவான முனை திருகின் பள்ளத்தைத் தின்றுவிடும்.

கழற்றிய பாகங்களை வரிசை மாறாமல் வைக்க எனக்குக் கிடைத்த சிறந்த தட்டு பாட்டியின் பல்லாங்குழி. 14 குழி, இடமிருந்து வலம். கழற்றிய வரிசையில் போடுகிறேன், பின்னோக்கி எடுத்துப் பூட்டுகிறேன். மேலே கண்ணாடித் தகடு மூடி. ஒவ்வொரு பாகமும் வெளியே வருமுன் போனில் ஒரு படம். நினைவிலிருக்கும் என்று நம்பாதீர்கள், இருக்காது.

பிரிப்பது

பின்மூடி திருகு மூடியா, அழுத்து மூடியா என்று பார்த்துத் திறங்கள். சாவியை நேரம் மாற்றும் நிலைக்கு இழுத்து, பின்புறம் சாவித் தண்டின் அருகிலிருக்கும் சிறு திருகை இரண்டு சுற்று தளர்த்துங்கள், அல்லது பொத்தானை அழுத்துங்கள். தண்டு வெளியே வரும். முழுவதும் கழற்ற வேண்டாம். உள்ளிருக்கும் துண்டு விழுந்துவிட்டால் டயல் பக்கம் பிரித்துத்தான் மீட்க முடியும்.

எந்திரம் வெளியே வந்ததும் முட்கள். மூன்றையும் 12 மணியில் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்துங்கள். டயல் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, அதன் மேலிருந்து இரண்டு நெம்புகோலாலும் சம அழுத்தம். தாள் டயலையும் காக்கும், துள்ளும் வினாடி முள்ளையும் பிடிக்கும். டயல் இரண்டு கால்களில் நிற்கிறது; பக்கவாட்டில் இருக்கும் சிறு திருகுகளைத் தளர்த்தினால் எழும்பி வரும். அதை உடனே ஒரு டப்பாவில் மூடி வைத்துவிடுங்கள்.

அடுத்தது மறக்கவே கூடாத வேலை: மெயின் ஸ்பிரிங்கின் முறுக்கை இறக்குவது. தண்டைத் திரும்பச் செருகி, சாவியை விரலால் பிடித்துக்கொண்டு, பற்சக்கரத்தைத் தடுக்கும் கொக்கியை ஊசியால் விலக்குங்கள். சாவி விரலுக்கிடையே மெல்லச் சுழன்று இறங்கும். முறுக்கு இருக்கும்போதே உள்ளே கை வைத்தால் சக்கரங்கள் வெறிகொண்டு ஓடும், ஒரு பல்லாவது உடையும்.

இப்போது பேலன்ஸ், அதாவது முன்னும் பின்னும் ஆடி வாட்சின் நடையைக் கட்டுப்படுத்தும் சக்கரம். அதை மேலிருந்து பிடித்திருக்கும் தகடுதான் பாலம்; அந்தப் பாலத்தின் ஒரே திருகைக் கழற்றி, பாலத்தோடு சேர்த்துத் தூக்குங்கள். சக்கரம் ஹேர்ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருளில் தொங்கிக்கொண்டு வரும். இந்தச் சில வினாடிகள் மூச்சை அடக்க வேண்டியவை. ஹேர்ஸ்பிரிங் ஒருமுறை கசங்கினால் நேராக்குவது வேறொரு கலை. பிறகு பேலன்ஸைத் தட்டிவிடும் சிறு கவையான பேலட் ஃபோர்க், மேலேயுள்ள இரண்டு பற்சக்கரங்கள், பாலங்கள், சக்கரங்கள், ஸ்பிரிங் இருக்கும் பேரல். சாவித் தண்டோடு பல் சேரும் சக்கரத்தின் திருகு பல வாட்சுகளில் இடப்புரி. வழக்கமான திசையில் திருகி அசையவில்லையென்றால் வலுவைக் கூட்டாதீர்கள், திசையை மாற்றுங்கள்.

பாராஷாக் என்பது சிட்டிசன் வடிவமைத்த அதிர்ச்சி தாங்கும் அமைப்பு. அதன் சின்ன ஸ்பிரிங் பறப்பதில் கெட்டிக்காரன். அந்த வேலையை மட்டும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுச் செய்கிறேன். பார்க்கிறவர்கள் சிரிக்கட்டும்.

கழுவுவது

நம் ஊர் ரிப்பேர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வெள்ளைப் பெட்ரோலில் கழுவுகிறார்கள். அது நல்ல வழிதான். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்புக்கும் பூஜை விளக்குக்கும் தூரமாக உட்கார்ந்தால் சரி. இரண்டு கிண்ணம்: ஒன்றில் மென்மையான தூரிகையால் தேய்க்க, இன்னொன்றில் அலச. கல் பதித்த துளைகளை, கூராகச் சீவிய மூங்கில் குச்சியைச் செருகிச் சுழற்றித் துடையுங்கள். குச்சி கறுப்பில்லாமல் வரும்வரை சீவிச் சீவி மறுபடி.

ஸ்பிரிட்டில் ஊறவைக்கலாமா என்று கேட்பார்கள். பேலட் ஃபோர்க்கையும் பேலன்ஸையும் வைக்கவே கூடாது. பேலட் கற்களும், பேலன்ஸின் அடியிலுள்ள சிவப்புக் கல்லும் அரக்கில் ஒட்டப்பட்டவை. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். தச்சர் பாலிஷ் போட அரக்கை ஸ்பிரிட்டில் கரைப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

பூட்டுவதும் எண்ணெயும்

வரிசையைத் திருப்புங்கள்: பேரல், சக்கரங்கள், பாலங்கள். பாலத்தை வைத்ததும் திருகை முடுக்காதீர்கள். ஒவ்வொரு சக்கரத்தின் நுனியும் தன் துளையில் இறங்கிவிட்டதா என்று லூப்பில் பார்த்து, மெல்ல அழுத்தி, சக்கரத்தைத் தட்டினால் எல்லாம் தடையில்லாமல் ஓடுகிறதா என்று சரிபார்த்த பிறகே திருகு. நுனிகள் உடைவது இந்த இடத்தில்தான்.

எண்ணெய் விஷயத்தில் தாராளம் கெடுதல். வேகமாகச் சுழலும் நுனிகளுக்கு மோபியஸ் என்ற வாட்ச் எண்ணெயில் 9010 ரகம், மெதுவாக, கனமாகச் சுழலும் நடுச்சக்கரத்துக்கும் பேரலுக்கும் எச்பி 1300 அல்லது டி5, பேலட் கற்களுக்கு 9415. நுனி சுழலும் கல்லின் கிண்ணம் போன்ற குழி பாதி நிறைந்தால் போதும். பல்லில் எண்ணெய் வேண்டாம். பேலட் ஃபோர்க்கின் சுழல் நுனிக்கு எண்ணெய் அறவே வேண்டாம். அந்தப் பிசுபிசுப்பே அதன் வேகத்தைத் தின்றுவிடும். சித்தப்பாவின் வாட்ச் நாலு நிமிடத்தில் நின்றதற்குக் காரணமும் பழைய எண்ணெய்தான், பிசினாக உறைந்திருந்தது.

பேலன்ஸை இறக்கி, நாலு சுற்று சாவி கொடுத்ததும் அது தானாக உயிர்பெறும். அந்தக் கணத்தைப் பற்றி நிறைய எழுதலாம், எழுதவில்லை.

இந்த எந்திரம் மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது வினாடிக்கு 5. துடிப்பைக் கேட்டு அளக்கும் டைம்கிராஃபர் கருவியில் முழுச் சாவியில், டயல் மேலாக வைத்தால் வீச்சு, அதாவது பேலன்ஸ் ஆடும் கோணம், 260 பாகைக்கு மேல் இருந்தால் நல்லது. 220-க்குக் கீழே என்றால் எங்கோ அழுக்கோ, சோர்ந்த ஸ்பிரிங்கோ. நாளைக்கு 20, 30 வினாடி முன்பின் ஓடினால் இந்த வயசுக்கு அது கௌரவமான நடை. திடீரென்று பல நிமிடம் முந்தினால் காந்தம் ஏறியிருக்கிறது. திசைகாட்டியின் அருகே கொண்டுபோனால் முள் ஆடும். காந்தம் நீக்கும் சிறு பெட்டியில் வைத்து எடுத்தால் தீரும்.

கேஸும் கண்ணாடியும்

கேஸை சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் ஆண்டுகளின் வியர்வை கரைந்து வரும். முழு ஸ்டீலா, பித்தளை மேல் குரோம் பூச்சா என்று பாருங்கள். குரோமை பாலிஷ் போட்டால் பித்தளைதான் எட்டிப்பார்க்கும். அக்ரிலிக் கண்ணாடிக் கீறலுக்கு பிராசோ, மெல்லிய துணி, பத்து நிமிடம். ஆழமான கீறலுக்கு முதலில் 2000 எண் நீர்த்தாள். விரிசல் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

டயல்

எந்திரத்தில் செய்த தப்பை எந்திரத்தில் திருத்தலாம். உடைந்த சக்கரத்துக்கு வேறு ஜனதாவிலிருந்து சக்கரம் வரும். டயலில் போனது போனதுதான். ஒரு நண்பரின் வாட்ச் டயலை, லேசான அழுக்குதானே என்று சோப்பு நுரை தொட்ட பஞ்சால் ஒற்றி எடுத்தேன். அழுக்கோடு '17 ஜுவல்ஸ்' என்ற வரியும் பஞ்சில் வந்துவிட்டது. அச்சு எழுத்து அரக்குப் பூச்சின் மேல் உட்கார்ந்திருக்கிறதா, அடியிலா என்பது வெளியிலிருந்து தெரியாது. ஈரம் பட்ட பிறகுதான் தெரியும்.

அதற்குப் பிறகு என் விதி எளியது: ஊதுபந்தால் ஊது, ரோடிகோவை அழுத்தாமல் தொட்டெடு, அவ்வளவுதான். மிச்சமிருக்கும் கறை வாட்சின் வயது. ஒளிப்பூச்சு இருக்கும் எண்களின் மேல் ரோடிகோவும் வேண்டாம், பூச்சு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

டயலின் எண்களில் முக்கால் பங்கு பூச்சு நன்றாக இருந்தால் டயலைத் தொடாதீர்கள், முட்களை மட்டும் புதுப்பியுங்கள். முட்களுக்குப் பதில் முட்கள் கிடைக்கும். இருட்டில் எண்கள் தெரியாவிட்டாலும் நேரம் பார்க்க முட்களே போதும்.

முட்களை ஒளிர வைப்பது

பொடியைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து தொடங்கலாம். ஸ்ட்ரான்சியம் அலுமினேட் பொடி, பிசின், கரைப்பான் மூன்றும் சேர்ந்த பொட்டலமாகவே கிடைக்கிறது. பகலில் வெளிர் பச்சை மஞ்சளாகத் தெரியும் ரகம்தான், சூப்பர்-லூமினோவாவில் சி3 என்பார்கள், அதிகம் ஒளிரும். வெள்ளை ரகம் வெகு மங்கல். வயதான பழுப்பு நிறத்திலேயே ஒரு ரகம் விற்கிறார்கள். அதன் பெயர் 'ஓல்ட் ரேடியம்'. அதிலும் ரேடியம் கிடையாது. நம் ஸ்டிக்கர் கடைக்காரருக்குத் துணை கிடைத்துவிட்டது.

ஸ்ட்ரான்சியம் அலுமினேட்டுக்குத் தண்ணீர் ஆகாது, ஈரத்தில் மெல்லச் சிதையும். ஆகவே வாட்டர் கலரில் குழைக்காதீர்கள். நிறம் மாற்ற வேண்டுமென்றால் உலர்ந்த வண்ணப்பொடி, ஊசி நுனியளவு மஞ்சள் காவி, அதைவிடக் குறைவாகப் பழுப்பு. ஒவ்வொரு துகள் வண்ணமும் ஒளியைக் குடிக்கும். பகலில் டயலோடு பொருந்துவதும் இரவில் பளிச்சென்று தெரிவதும் எதிரெதிர் ஆசைகள். நான் பகலுக்கே விட்டுக்கொடுக்கிறேன். வாட்சைப் பார்ப்பது பெரும்பாலும் பகலில்தான்.

முள்ளிலிருக்கும் பழைய பூச்சை எடுக்கும்போது முகக்கவசமும் கையுறையும் போடுங்கள், ரேடியம் இல்லை என்று தெரிந்திருந்தாலும். முள்ளை நனைத்த டிஷ்யூ மேல் குப்புற வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, மூங்கில் குச்சியால் பின்பக்கமிருந்து தள்ளுங்கள். உலர்வாகச் சுரண்டினால் தூள் பறக்கும். வேலை முடிந்ததும் டிஷ்யூவை உறையிலிட்டுக் கட்டி, மேஜையை ஈரத்துணியால் துடைத்து, கையைக் கழுவிய பிறகு காப்பி. முள்ளின் ஓரத்தில் துரு இருந்தால் இப்போதே கண்ணாடி இழைப் பேனாவால் நீக்குங்கள். அந்த இழைத்தூளும் மூக்குக்கு ஆகாது.

கலவை: ஒரு கண்ணாடித் தகட்டில் பொடியும் பிசினும் ஒன்றுக்கு ஒன்று, தேன் பதம். ரொம்ப இளகினால் முள்ளின் நடுவிலுள்ள திறந்த சட்டத்துக்குள் நிற்காமல் முன்பக்கம் ஒழுகும். ரொம்ப இறுகினால் கட்டி கட்டியாக உட்காரும். நம் வெயிலில் கரைப்பான் சீக்கிரம் பறந்துவிடும். அதனால் பட்டாணி அளவுக்கு மேல் குழைக்காதீர்கள், ஐந்து நிமிடத்துக்கொரு முறை ஒரு துளி கரைப்பான் சேருங்கள்.

முள்ளின் முகம் கீழே பார்க்க, முதுகு மேலே பார்க்க, புளூ டாக் என்ற ஒட்டுப்பசையில் நிறுத்துங்கள். எண்ணெய் வைக்கும் ஊசியின் நுனியில் ஒரு சொட்டு எடுத்து, முள்ளின் அகலமான முனையில் வைத்து, சட்டத்தின் இரண்டு விளிம்பையும் தொட்டபடி நுனி நோக்கி இழுங்கள். சோப்பு நீர் வளையத்தில் படலம் நிற்பதுபோல், கலவை தானே இடைவெளியை நிரப்பி நிற்கும். ஒரே இழுப்பு. பாதியில் நிறுத்தித் தொட்டுத் தொட்டு நிரப்பினால் மேடு பள்ளம் தெரியும். பிசகினால் காயும் முன் கரைப்பானில் கழுவி மறுபடி. முதல் நாள் நான் ஆறு தடவை கழுவினேன். பிறகு ஒரு டப்பாவால் மூடி 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். மழைக்காலமென்றால் டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று.

டயலில் பூச்சு போயே போயிருந்தால்

ஓரிரு எண்களில் மட்டும் உதிர்ந்திருந்தால் அந்த இடத்தை மட்டும் நிரப்புங்கள். சுரண்ட வேண்டாம், பழையதன் மேலும் பூச வேண்டாம், காலியான இடத்தில் மட்டும். கறுப்பு டயலில் நேரடியாகப் பூசினால் மங்கலாக இருக்கும். கறுப்பு, ஒளியை விழுங்கிவிடுகிறது. அடியில் மெல்லிய வெள்ளை இருந்தால் ஒளி திரும்பி வரும். பைலட்டின் எண்களில் பெரும்பாலும் அந்த அடித்தளம் மிஞ்சியிருக்கும்.

நிறத்தைச் சரிபார்க்க, கலவையை வெளிப்படையான பிளாஸ்டிக் துண்டில் தொட்டுக் காயவைத்து, டயல் மேல் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது பார்த்து முடிவெடுக்காதீர்கள், காய்ந்தால் வெளுக்கும். டியூப்லைட்டிலும் பார்க்காதீர்கள். எனக்கு நாலாவது கலவை பொருந்தியது. பிறகு ஊசி நுனியால் எண்ணின் நடுவில் சொட்டு வைத்து, ஓரம் நோக்கித் தள்ளுவது. ஓரத்திலிருந்து தொடங்கினால் கோடு தாண்டும். பைலட்டில் நான் நிரப்பியது 4-ம் 11-ம் மட்டும்.

முள் பூட்டி மூடுவது

டயலைப் பூட்டி, மணி முள்ளை 12-இல் நேராக வைத்து அழுத்துங்கள், அடுத்து நிமிட முள், கடைசியில் வினாடி முள். புதுப் பூச்சு முள்ளின் அடிப்பக்கம் புடைத்திருக்கலாம். சாவியைத் திருப்பி 12 மணி நேரமும் ஓட்டி, எங்காவது உரசுகிறதா என்று பக்கவாட்டிலிருந்து லூப்பில் பாருங்கள். புது ஒளிப்பூச்சு போட்டபின் நின்று போகும் வாட்சுகளில் பாதி இந்த உரசலால்தான். கண்ணாடியின் உட்புறத்தைத் துடைத்து, ஊதி, மூடுங்கள். பின்மூடி வளையம் புதிதாகப் போட்டாலும் தண்ணீர் புகாது என்று நம்பிக் குளிக்கப் போகாதீர்கள்.

ஒரு வாரம் ஓடவிடுங்கள், தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுத்து, இரவில் ஒரு நாள் டயல் மேலாக, ஒரு நாள் சாவி கீழாக வைத்து. மேஜை விளக்கின் கீழே இரண்டு நிமிடம் காட்டினால் முதல் அரைமணி நேரம் சுவரில் நிழல் விழுமோ என்கிற அளவுக்கு ஒளிர்ந்து, பிறகு தணிந்து, இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு விடியற்காலையிலும் மங்கலாகத் தெரியும். பூச்சு சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

விற்கப்போகிறீர்களானால் முட்கள் புதுப்பூச்சு என்று சொல்லி விற்றுவிடுங்கள். புற ஊதா டார்ச் வைத்திருப்பவர் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார். சித்தப்பாவின் பைலட்டைத் திறந்தபோது பின்மூடியின் உட்புறம் யாரோ ஒரு ரிப்பேர்க்காரர் ஊசியால் கீறிய தேதி இருந்தது, 12.6.81. நான் கீறவில்லை. எந்தப் பொடி, என்ன வண்ணம், எந்தெந்த எண்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாட்ச் பெட்டியில் போட்டிருக்கிறேன், அடுத்துத் திறப்பவர் டயலைச் சுரண்டிப் பார்க்காமல் இருக்க.